ரண்டலா வீட்டு எல்வி வாங்கிய தோட்டா

1951 அக்டோபர் 15. கடமான் வேட்டை அனுமதிக் கட்டணத்தில் ரண்டலா வீட்டுப் பங்கு: 900 மார்க்.
1951 அக்டோபர் 28. கயானி மருத்துவமனை: 4,400 மார்க்.
1952 பிப்ரவரி 11. கிடேரி ஒன்று விற்றது, வரவு: 19,500 மார்க்.
1952 மார்ச் 6. துப்பாக்கிக்கு வேறு குழல், கூலி உட்பட: 5,800 மார்க்.
அதே நாள். எட்டு-இரண்டு அளவுத் தோட்டா, நாற்பது: 3,000 மார்க்.
அதே நாள். பேருந்து, போக வர: 360 மார்க்.
வைக்கோல் கொட்டகையில் பெட்டியோடு இருந்த படைத் தோட்டா, சுமார் அறுநூறு: செலவில்லை.

தொல்லை முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருந்தது.

1944 இலையுதிர்காலத்தில் போர் முடிந்து படை கலைந்தபோது, ரண்டலா வீட்டு எய்னாரியும் மெக்கெலா வீட்டு ஆர்மாஸும் ஒரு மரப்பெட்டியை இரவல் வண்டியில் ஏற்றித் தங்கள் ஊரான கொர்பிவாராவுக்குக் கொண்டுவந்து, எய்னாரியின் கொட்டகைத் தரைப்பலகைக்கு அடியில் இறக்கினார்கள். இருவரும் மூன்று வருடம் ஒரே இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் படுத்திருந்தவர்கள். பெட்டியில் இருந்தது படைத் தோட்டா. அதன் குண்டு முனை வரைக்கும் செம்புத் தகட்டால் மூடியது. மனிதனை அடிக்கச் செய்தது. அதைக் கொண்டு கடமானை அடித்தால் ஊசி போலத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். குதிரையைவிட உயரமான அந்த மிருகம் ஒன்றும் நடக்காததுபோல நடந்துபோய், எங்கேயோ ஒரு சதுப்பு நிலத்தில் விழுந்து, யாருக்கும் உதவாமல் அழுகும்.

அதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆர்மாஸ் தன் பட்டறையில் உட்கார்ந்து குண்டின் முனையை அரத்தால் ராவி, உள்ளிருக்கும் ஈயம் பொட்டுப்போலத் தெரியும்படி செய்வான். ராவிய குண்டு மிருகத்தின் உடம்புக்குள் விரியும், மிருகம் அங்கேயே விழும் என்பது கணக்கு. ராவியவற்றைக் காப்பித் தூள் டப்பாவில் போட்டுவைத்து, வேட்டைக் குழுவில் ஆளுக்கு ஐந்து கொடுப்பான். ஈயமுனை வைத்தே செய்த தோட்டா கயானி நகரக் கடைகளில் கிடைத்தது. ஒன்று எழுபத்தைந்து மார்க். கொர்பிவாராவில் அதை வாங்கியவர் யாரும் இல்லை.

எல்வி 1914இல் பிறந்தவள், பக்கத்து ஏரிக்கரையில் யுன்டுனென் குடும்பத்துப் பெண். சிறு வயதில் தகப்பனின் சின்னத் துப்பாக்கியால் அணில் சுட்டுத் தோல் விற்றிருக்கிறாள். 1937இல் எய்னாரியைக் கட்டிக்கொண்டு ரண்டலா வீட்டுக்கு வந்தாள். போர் நடந்த வருடங்களில் உழுததும், மரம் இழுத்ததும், நான்கு மாட்டையும் இரண்டு பெண் குழந்தைகளையும் காப்பாற்றியதும் அவள்தான். ஆள் குள்ளம். குரல் எழுப்பிப் பேசி யாரும் கேட்டதில்லை.

1951 அக்டோபர் 17, புதன்கிழமை, முதல் பனி விழுந்து மூன்றாம் நாள், எய்னாரி தனக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஒரு ஆண் கடமானை இரண்டு முறை சுட்டான். முதல் வெடி தொண்டை அடைத்தவன் இருமியதுபோலக் கேட்டது. இரண்டாவது வெடி ஏரிக்கு அக்கரையிலும் கேட்டது. கடமான் போய்விட்டது. துப்பாக்கிக் குழல் நடுவில் பிளந்து விரிந்திருந்தது. எய்னாரியின் இடது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சின. ஆர்மாஸ்தான் தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினான், பெருஞ்சாலை வரைக்கும் குதிரையை ஓட்டிக்கொண்டு போனான், பேருந்து வரும்வரை அவனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மருத்துவமனைக்கு எல்வி போய்ச் சேர்ந்தபோது கட்டிலருகே ஆர்மாஸ் இருந்தான்.

"பனி, எல்வி. புதருக்குள்ள நுழைஞ்சு வந்திருக்கான். மரத்துல இருந்த பனி குழல் வாய்க்குள்ள போயி அடைச்சிருச்சு. அடைச்ச குழல்ல சுட்டா வெடிக்கத்தான் செய்யும்."

எய்னாரி கண்ணை மூடியபடியே தலையாட்டினான். "பனிதான்."

அன்று காலையிலேயே வேட்டைக் குழுவில் இருந்த வில்யோ ஒரு பெண் கடமானை அடித்திருந்தான். மறுநாள் மெக்கெலா வீட்டுக் கொட்டகையில் அதைப் பங்கு வைத்தார்கள். அறுத்த இறைச்சியைச் சமமாகக் குவியல் போட்டுவிட்டு, ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். இன்னொருவன் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்பவன் ஒரு பெயர் சொல்வான். எது நல்ல குவியல், எது எலும்பு என்று அவனுக்குத் தெரியாது. அதனால் யாரும் சண்டை போட்டதில்லை. திரும்பி நிற்பவன் எப்போதும் ஆர்மாஸ். அன்று வில்யோ முதல் குவியலைத் தொட்டபோது "எய்னாரி" என்றான். இரண்டாவதைத் தொட்டபோதும் "எய்னாரி" என்றான்.

"அவன் பேரு சொல்லியாச்சே" என்றான் குழுவில் இன்னொருவனான தௌனோ.

"தெரியும். அடுத்தது."

எல்லாக் குவியலும் தீர்ந்தபோது ஆர்மாஸின் பெயர் மட்டும் சொல்லப்படவில்லை. இதை எல்விக்குச் சொன்னவள் ஆர்மாஸின் மனைவி லெம்பி. குறையாகச் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆர்மாஸ் வந்து ரண்டலா வீட்டு முற்றத்தில் விறகு பிளந்தான்.

"உன் வீட்டு விறகை யாரு பொளக்குறது?" என்று ஒரு நாள் கேட்டாள் எல்வி.

"லெம்பி. என்னைவிட நல்லாவே பொளப்பா. கோபம் வந்தா இன்னும் நல்லா."

"கோபத்துல இருக்காளா?"

"நான் இங்க இருக்கேன்ல, அதனால தெரியாது."

எய்னாரி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்பான். அவன் சிரித்தது அந்த மாதங்களில் ஆர்மாஸ் வந்த நாட்களில்தான்.

துப்பாக்கி பிடிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இறைச்சியில் பங்கு கிடையாது. வேட்டைக்கு நிலம் கொடுத்ததற்காக, கடைசியில் நடக்கும் விருந்தில் ஆளுக்கு ஒரு கிண்ணம் கடமான் சூப்பு கிடைக்கும். குளிர்காலத்துக்கு இறைச்சி உப்பிட்டு வைக்கும் தொட்டி நிறைய வேண்டுமானால் ரண்டலா வீட்டிலிருந்து யாராவது வேட்டையில் நின்றாக வேண்டும். எல்வி கிடேரியை விற்றாள். மார்ச் 6ஆம் தேதி, பிளந்த துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு கயானிக்குப் பேருந்து ஏறினாள்.

துப்பாக்கி பழுது பார்க்கும் கலெர்வோ தொல்வானென் அதை இடுக்கிப்பிடி பொருத்திய மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சுட்டது?"

"என் வீட்டுக்காரர். குழல்ல பனி போயிருச்சு."

"பனியா." அவர் குழலை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தார். அறுத்து முடிக்க நெடுநேரம் ஆனது. வெடித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், உட்சுவரோடு ஒட்டி நசுங்கிக் கிடந்த ஒன்றை உளியால் நெம்பி எடுத்து, துணியில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல் நுனி அளவுக்குச் செம்புத் தகடு. இரண்டு பக்கமும் திறந்து குழாய் போலிருந்தது.

"இது பனி இல்லைங்க அம்மா. ராவின குண்டோட சட்டை."

"புரியல."

"படைக் குண்டுக்கு அடிப்பக்கம் தகடு கிடையாது, பாருங்க. ஈயம் தெரியும். முனை மூடியிருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. முனையையும் ராவிட்டா ரெண்டு பக்கமும் தொறந்துருச்சா? பின்னாடியிருந்து வெடிமருந்து தள்ளும்போது சில சமயம் உள்ள இருக்குற ஈயம் மட்டும் ஓடிரும். சட்டை குழல்லயே தங்கிரும். சவுனாவுல குளிக்கப் போன ஆளு மட்டும் வெளிய ஓடிட்டான், துணி உள்ளயே கெடக்குதுன்னு வெச்சுக்கங்க. அடுத்த குண்டு வந்து அதுல முட்டுது. அவ்வளவுதான்."

"எல்லாரும் அப்படித்தான் ராவுறாங்க. ஏழு வருஷமா."

"ஆமா. ஏழு வருஷமும் ஈயம் தனியா ஓடாது. ஒரு நாள் ஓடும்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ராவினது அவரேதானா?"

எல்வி தகட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். டப்பா யாருடையது, அரம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முற்றத்தில் விறகு பிளக்கும் கை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

தொல்வானென் இரண்டு குழல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பழைய அளவு, 7.62 மில்லிமீட்டர், கடைப்பேச்சில் ஏழு-அறுபத்திரண்டு. மற்றது போரில் தேய்ந்துபோன குழலைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்தது, எட்டு-இரண்டு.

"ரெண்டும் ஒரே விலை. அடிபட்ட குடும்பம், அதனால வெளிப்படையாச் சொல்றேன். பழைய அளவு வாங்குங்க. கைவசம் தோட்டா இருக்கும், இல்லையா? எல்லாக் கொட்டகையிலயும் இருக்கே. ராவாம, கடையில அஞ்சோ பத்தோ ஈயமுனை வாங்கி வேட்டைக்கு வெச்சுக்கிட்டு, படைத் தோட்டாவுல குறி பாத்துப் பழகலாம். எட்டு-இரண்டுக்குப் பழகறதுக்குக்கூட ஒவ்வொண்ணும் காசு. உதையும் ஒரு படி கூட. ஒன்பது-மூணுன்னு இன்னும் பெருசு ஒண்ணு இருக்கு, அதுக்குத் துப்பாக்கியே வேற வேணும். உங்க தோளுக்கு நான் சொல்ல மாட்டேன்."

"எட்டு-இரண்டுல படைத் தோட்டாவைப் போட்டா?"

"உள்ள போகும். ஆனா குண்டு சின்னது, குழலைப் பிடிக்காது. வெளிய வந்ததும் குட்டிக்கரணம் போடும். எங்க போய் விழும்னு அதுக்கே தெரியாது. ஒரு பிரயோஜனமும் இல்லை."

"எந்த விதத்துலயும் இல்லையா?"

"எந்த விதத்துலயும் இல்லை."

"அப்ப எட்டு-இரண்டையே போடுங்க" என்றாள் எல்வி.

தொல்வானென் எட்டு-இரண்டைத் தனியாக எடுத்து வைத்தார். தோட்டாவில் இரண்டு விதம் இருந்தது, இலேசான குண்டு ஒன்று, கனத்த குண்டு ஒன்று. கனத்தது மெதுவாகப் போகும், எலும்பில் பட்டாலும் திரும்பாது, உள்ளேயே நிற்கும் என்றார். அவள் கனத்ததை நாற்பது வாங்கினாள். அறுத்த குழலைக் கடைச் சுவரில் மாட்டிவைக்கட்டுமா என்று கேட்டார். "வர்றவன் பாக்கட்டும். பேரு போட மாட்டேன்." அவள் சரி என்றாள். செம்புத் தகட்டை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் எய்னாரி தோட்டாப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கத்தினான். "எட்டு-இரண்டா? கொட்டகையில அறுநூறு கெடக்கு! கிடேரியை வித்துக் காசைக் குழல்ல ஊதிட்டு வந்திருக்க. யாரு உனக்கு இந்த யோசனை சொன்னது?"

எல்வி கைக்குட்டையை அவிழ்த்து, தகட்டை மேசையில் அவன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் அது என்ன என்று கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"மூணு வருஷம் இயந்திரத் துப்பாக்கிக்காரன். மொத வெடியில உதையே இல்லை. தப்புன்னு தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுது. ஆனா கடமான் திரும்பிப் போகுது, கை தானா அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுத்துருச்சு. விசையை அழுத்தும்போதே தெரிஞ்சுது. விரல் நிக்கல."

"அப்புறம் ஏன் பனின்ன?"

"கண்ணைத் தொறந்ததும் அவன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. பனி பனின்னு சொல்லிக்கிட்டே இருக்கான். கேக்குற மாதிரி சொல்றான். நான் என்ன சொல்ல முடியும்?" எய்னாரி விரல் போன கையை மடியில் வைத்துக்கொண்டான். "கை போனது போனதுதான் எல்வி. அவனும் போகணுமா?"

"இந்த வருஷமும் அவன் ராவுவான். வில்யோவுக்கு அஞ்சு, தௌனோவுக்கு அஞ்சு."

"அவன்கிட்ட சொல்லக்கூடாது. எனக்கு நீ சத்தியம் பண்ணணும்."

சத்தியம் செய்ய எல்விக்கு நேரமானது. இரண்டு பெண்களும் பள்ளியிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளோடு முற்றத்துக்குள் வரும் சத்தம் கேட்ட பிறகே "சொல்ல மாட்டேன்" என்றாள்.

துப்பாக்கி இரண்டு வாரத்தில் பேருந்தில் வந்தது. ஏப்ரலில் ஏரிப் பனிக்கட்டியின் மேல் பலகை நட்டுப் பழகினாள். முதல் வெடியில் தோள் நீலம் பாரித்தது. நாற்பதில் பன்னிரண்டைத்தான் பழகுவதற்கு ஒதுக்க முடிந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்து எடுத்து வைத்து எடுத்து, கை நடுங்காது என்று தெரிந்த பிறகே தோட்டாவைப் போட்டாள். சத்தம் ஊருக்குள் கேட்டது.

"ரண்டலா வீட்டுல பீரங்கி வந்திருக்காமே" என்றான் வில்யோ, பால் வண்டி நிற்கும் மேடையில். "வீட்டுக்காரம்மா, கடமானை அடிக்கப் போறீங்களா, ஏரியைப் பொளக்கப் போறீங்களா?"

"நீ எந்தப் பக்கம் நிப்பன்னு சொல்லு, அதுக்குத் தகுந்தமாதிரி முடிவு பண்றேன்."

வில்யோவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். ஆர்மாஸும் சிரித்தான். அவனும் அங்கே இருந்தான்.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அனுமதி மனுவில் கையெழுத்துப் போட நிலக்காரர்கள் மெக்கெலா வீட்டில் கூடினார்கள். மனுவில் காட்டும் நிலம் இடைவெளி இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ரண்டலா நிலம் ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவில் இருந்தது. அது இல்லாவிட்டால் மற்றவர்கள் நிலம் இரண்டு துண்டு, அனுமதி கிடையாது. ஆர்மாஸ் மனுவை மேசையில் விரித்தான், மைப்புட்டியை வைத்தான், வழக்கம்போலக் காப்பித் தூள் டப்பாவையும் வைத்தான்.

"ஆளுக்கு அஞ்சு. எல்விக்கு மட்டும் வேண்டாம், அவங்க கடைத் தோட்டா வாங்குற பெரிய வீடு."

பேனா சுற்றி வந்து எல்வியிடம் நின்றது. அவள் அதைத் தொடவில்லை.

"மொதல்ல அந்த டப்பாவை எடு ஆர்மாஸ். அப்புறம் போடுறேன்."

"எதை?"

"ராவின குண்டு எங்க நிலத்துல வேண்டாம். யார் கையிலயும்."

"தோட்டா ஒண்ணு எழுபத்தஞ்சு மார்க்" என்றான் தௌனோ. "அதை வாங்கிட்டுப் போனா என் பொண்டாட்டி என்னை வித்துருவா."

"உன்னை யாரு வாங்குவா?" என்றான் வில்யோ.

ஆர்மாஸ் சிரிக்கவில்லை. "அது பனி எல்வி. எய்னாரி குழல்ல போனது பனி. அதுக்கும் என் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தச் செம்புத் தகடு எல்வியின் மேலங்கிப் பையில் இருந்தது. விரல்கள் அதன்மேல் இருந்தன. எடுத்து மேசையில் வைத்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எய்னாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பனியைப் பத்திப் பேசல. டப்பாவைப் பத்திப் பேசுறேன்."

"காரணம் சொல்லு."

"சொல்ல மாட்டேன். நிலம் எங்களுது."

ஆர்மாஸ் நண்பனிடம் திரும்பினான். "நீ என்னடா சொல்ற?"

எய்னாரி தரையைப் பார்த்தான். "நிலம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அவ போடாம நான் போட்டு என்ன ஆகப் போகுது?"

ஆர்மாஸ் அவனை நெடுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று எல்வியால் சொல்ல முடியவில்லை. அவன் டப்பாவை மூடினான், மனுவை வில்யோவின் பக்கம் தள்ளினான், "இனிமே நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். சற்று நேரத்தில் முற்றத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அவன் வீட்டில், அவன் இல்லாமலே கையெழுத்துகள் முடிந்தன. லெம்பி எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். எல்வியின் கோப்பைக்கு வந்தபோது பாத்திரம் காலியாகிவிட்டது.

அக்டோபர் 2ஆம் தேதி ஆர்மாஸ் வடக்கே லாப்லாந்தில் மரம் வெட்டும் முகாமுக்குப் புறப்பட்டுப் போனான். துப்பாக்கியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனதாக லெம்பி சொன்னாள். எய்னாரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எய்னாரி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

அக்டோபர் 18, சனிக்கிழமை காலை, எல்வி சதுப்பின் ஓரத்தில் ஒரு பைன் மரத்தடியில் நின்றாள். நாய் குரைப்பு முதலில் தொலைவில், பிறகு வலப்பக்கம், பிறகு நேராக வந்தது. கடமான் சத்தமே இல்லாமல் மரங்களுக்கு நடுவே வந்து நின்று, நாயைக் கேட்பதற்காகத் தலையைத் திருப்பியது. பக்கவாட்டில் நின்றது. அவள் முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து விசையை அழுத்தினாள். தோளில் விழுந்த உதை அவளுக்குத் தெரியவில்லை. கடமான் ஒரு முறை முதுகை வளைத்தது, சிறிது தூரம் நடந்தது, முன்னங்கால்கள் மடங்கி மண்டியிட்டு விழுந்தது. அது எழாது என்று தெரியும்வரை இரண்டாவது தோட்டாவைப் போட்டு வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்குக் காட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கடமானிடம் நடந்தாள்.

குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்றிருந்தது. அறுக்கும்போது வில்யோ அதை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தான். காளான் போல விரிந்திருந்தது.

"எழுபத்தஞ்சு மார்க்" என்றான்.

"அதை வேணா திருப்பிக் குடுத்துப் பாரு, கடைக்காரன் காசு தருவானான்னு" என்றான் தௌனோ.

குவியல்கள் போட்டாயிற்று. திரும்பி நிற்க யாரும் முன்வரவில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் எப்போதும் ஆர்மாஸ் நின்ற இடம். கடைசியில் வில்யோ சொன்னான்: "அடிச்சவங்களே நிக்கட்டும்."

எல்வி சுவரைப் பார்த்து நின்றாள்.

"இது யாருக்கு?"

"தௌனோ."

"இது?"

"வில்யோ."

"இது யாருக்கு?"

"ஆர்மாஸ்."

பின்னால் யாரோ காலை மாற்றி வைத்தார்கள். "அவன் வேட்டைக்கே வரலையே" என்றான் தௌனோ. "அவனுக்குக் குவியல் போடல."

"அடுத்தது" என்றாள் எல்வி.

வில்யோ "சாத்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டு கத்தியை எடுத்தான். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிப் புதிதாக ஒன்று போட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பங்கை அவளே ஒரு தொட்டியில் போட்டுச் சறுக்குவண்டியில் மெக்கெலா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லெம்பி வாசலில் நின்றாள்.

"என்ன இது?"

"பங்கு."

"அவரு இல்லையே."

"வீடு இருக்கே."

லெம்பி தொட்டியை உள்ளே எடுத்துப் போய், இறைச்சியை மாற்றிவிட்டு, கழுவிக்கொண்டு வந்தாள். "உள்ள வா, காப்பி இருக்கு" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அன்று குடித்தது இரண்டு கோப்பை. ஆர்மாஸைப் பற்றிப் பேசவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் லெம்பி கேட்டாள்: "அவரு அங்கயும் அதையேதான் போட்டுச் சுடுவாரு. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் எல்வி.

1953 ஜனவரியில் ஆர்மாஸிடமிருந்து எய்னாரிக்கு ஒரு கடிதம் வந்தது. குளிர், முகாமின் பட்டாணி சூப்பு, குதிரைக்குக் கால் வீங்கியது. அவ்வளவுதான். எய்னாரி அதை நான்கு முறை படித்தான். ஏப்ரலில் இன்னொன்று. பனி இன்னும் உருகவில்லை, மே மாதம் ஆற்றில் மரம் விடும் வேலை, அக்டோபரில் இங்குள்ளவர்களோடு கடமான் வேட்டைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டு, தாளின் அடியில் ஒரு வரி: அது பனிதானே?

எய்னாரி மேசையில் உட்கார்ந்து, தாள் நகராமலிருக்க மிஞ்சிய இரண்டு விரல்களால் அழுத்திக்கொண்டு பதில் எழுதினான். ரண்டலா வீட்டில் எல்லோரும் நலம். பசு கன்று போட்டது. அது பனிதான்.

"அவன் கேக்குறான்" என்றாள் எல்வி. "கேக்காம இருந்தா வேற. கேக்குறான். அக்டோபர்ல டப்பாவைத் தொறக்கப் போறான்."

"என் கையை நான் யாருக்கும் கணக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்."

"உன் கையைப் பத்திப் பேசல. அவன் கையைப் பத்திப் பேசுறேன்."

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

அவள் கடிதத்தை உறையில் போட்டு, அஞ்சலகம் வரைக்கும் நடந்து போனாள். அங்கே சுவரோரம் ஒரு சாய்மேசையும் கயிற்றில் கட்டிய பென்சிலும் உண்டு. உறையை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் வந்து அஞ்சல்தலை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு தாளை வெளியே எடுத்து, எய்னாரியின் கையெழுத்துக்குக் கீழே, தொல்வானெனின் பெயரையும் கயானியில் அவர் கடை இருக்கும் தெருவையும் எண்ணையும் எழுதினாள். "அந்தக் குழல் அவர் கடைச் சுவரில் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தாள். வேறொன்றும் எழுதவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பியவள் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். எய்னாரியின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மே போயிற்று. ஜூன், ஜூலை போயின. பதில் வரவில்லை. கடிதத்தைப் பற்றி எய்னாரி கேட்கும்போதெல்லாம், "ஆத்துல வேலை அதிகமா இருக்கும்" என்றாள். வைக்கோல் அறுத்து முடிந்தது. உருளைக்கிழங்கு தோண்டத் தொடங்கும் நேரத்தில் லாப்லாந்து முத்திரையோடு ஓர் உறை வந்தது. மேலே எய்னாரியின் பெயரும் எல்வியின் பெயரும் இருந்தன. எய்னாரி முற்றத்தில் நின்றபடியே பிரித்தான். முதலில் தனக்குள் படித்தான், பிறகு அவளுக்கு உரக்கப் படித்தான்.

"எய்னாரி, நடுக்கோடையில் லெம்பிக்குக்கூடச் சொல்லாமல் கயானி வரைக்கும் வந்தேன். தொல்வானென் யாருடைய குழல் என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயிருந்து உன் வீடு ஒரு பேருந்து தூரம். என்னால் ஏற முடியவில்லை, திரும்பிவிட்டேன். அரம் பிடித்த கை இது. அதை எப்படி உன் முன்னால் நீட்டுவது என்று தெரியவில்லை. டப்பாவை ஆற்றில் ஆழமான இடத்தில் போட்டுவிட்டேன். உன் கொட்டகையில் மிச்சம் இருப்பதையும் போட வேண்டும், தனியாகத் தூக்காதே, நான் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறேன். எல்வி, நானும் குழல் மாற்றிவிட்டேன். எட்டு-இரண்டு என்று கேட்டால் இங்குள்ள கடைக்காரன் இரண்டு விதப் பெட்டியை எடுத்துவைக்கிறான். நீ வாங்கியதில் குண்டு எத்தனை கிராம் என்று எழுது. எனக்கு ஓர் இடம் இருந்தால் அக்டோபருக்கு வருவேன். இல்லையென்றால் அதையும் எழுது."

எய்னாரி தாளை மடித்தான். "நீ எழுதினியா அவனுக்கு?"

"கடை இருக்குற தெரு. குழல் அங்க இருக்குன்னு. அவ்வளவுதான்."

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் மிஞ்சிய விரல்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டான், உள்ளே போனான், மேசையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"எத்தனை கிராம்?"

"பதிமூணு" என்றாள் எல்வி.

ஆர்மாஸ் அந்த வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அதுவே கடைசி. அக்டோபரில் அவனே வந்துவிட்டான். கடிதம் வந்த நாள் 1953 செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை.